விளக்குக்குக் கீழே கோஸ்மோஸ்

இந்தியப் பெருங்கடல்
9 பிப்ரவரி 2025

எலைன் அவர்களுக்கு,

போன் பண்ணாதீர்கள், சொல்ல வேண்டியதை எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டீர்கள். சரி. தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் சமையலறைச் சாமான் பட்டியல்தான். நடுவில் வெங்காயம், உருளைக்கிழங்கு என்று ஏதாவது வந்தால் தாண்டிப் படியுங்கள்.

கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம். போன தடவை போன அதே கிரேக்க முதலாளியின் கப்பல், அதே அடுப்பு. இருபது பேருக்கு மூன்று வேளை சமைக்கிறேன். கோலா தெர்லாவில் அம்மாவின் கடையில் லோரிக்காரர்களுக்குப் பொங்கிப் போட்ட கைக்கு இது பெரிய வேலை இல்லை.

அன்று பூக் கட்டும் கொட்டகையில் அத்தனை பேர் முன்னால் உங்களைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்டது தப்புதான். உங்களிடம் பூக் கட்டுகிற கங்கா கையிலிருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டு, "இந்த அண்ணனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா லா?" என்றாள். நீங்கள் செவ்வந்தியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே இருந்தீர்கள். மறுநாள் கப்பல் ஏற வேண்டியவன் வேறு எப்போது கேட்பது? கப்பலுக்கு வருவதற்கு முன்னால் நாலு வருஷம் உங்கள் பூவை லோரியில் ஏற்றிக் கோலாலம்பூர் கொண்டு போனேன். அப்போதெல்லாம் கேட்க வாய் வரவில்லை. வந்தபோது ஊரே சுற்றி நின்றது.

நான் கொடுத்த விதைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "இது பூக்கட்டும், அப்புறம் பதில் சொல்றேன்" என்றீர்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் செப்டம்பர் வரைக்கும் ஓட்டப் போகிறேன். விதையை உங்கள் மலைக் குளிரில் போட்டுவிடாதீர்கள். செவ்வந்திக் கொட்டகையில் இரவெல்லாம் பல்பு எரியுமே, அதற்குக் கீழே போடுங்கள். கதகதப்பாக இருக்கும்.

அர்ஜுனன்


திரிங்காப்
17 பிப்ரவரி 2025

அர்ஜுனன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வெங்காயம் எதுவும் இல்லை.

நீங்கள் கேட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்ட இடம் தப்பு. அன்று சாயங்காலத்துக்குள் கியா பார்ம் கடைகள் வரைக்கும் செய்தி போய்விட்டது. ஸ்ட்ராபெரி விற்கிற ருக்குமணி என்னைப் பார்த்து, "என்னக்கா, கப்பலா?" என்கிறாள். எனக்கு நாற்பத்தொரு வயது. என் வீட்டுக்காரர் டெரன்ஸ் இறந்த பிறகு இந்தத் தோட்டத்தையும் அவர் அம்மாவையும் வைத்துக்கொண்டு மரியாதையாக இருந்துவருகிறேன். அதை ஒரு நிமிஷத்தில் சந்தைக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள்.

வீட்டில் போன் பேச முடியாது. அத்தைக்கு மற்றதெல்லாம் காதில் விழாது, நான் போனில் பேசினால் மட்டும் விழும். அதனால்தான் எழுதச் சொன்னேன்.

நீங்கள் சொன்ன மாதிரியே கொட்டகையில் கடைசிப் பாத்தியில், பல்புக்குக் கீழே விதைத்துவிட்டேன். இருக்கிறதிலேயே நல்ல மண் அதுதான். பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஆங்கிலம் மாதிரி இருக்கிறது, ஆனால் இல்லை. நடுவிலும் கடைசியிலும் பள்ளிக்கூடக் கணக்கில் வருமே, கூட்டல் தொகைக்குப் போடுகிற சிக்மா, அது நிற்கிறது. எனக்கு ஏற்கெனவே கணக்கு வராது.

எலைன்


பிரேயஸ் துறைமுகம், கிரேக்கம்
12 மார்ச் 2025

எலைன் அவர்களுக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லோரி காலத்திலிருந்து என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவீர்கள். போன கடிதத்தில் அந்த அண்ணன் காணாமல் போய்விட்டான். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த எழுத்து கிரேக்கம். கோஸ்மோஸ் என்று படிக்க வேண்டும். பூவின் பெயர். போன பயணத்தில் இதே ஊர்ச் சந்தையில் படத்தைப் பார்த்து வாங்கினேன், எழுத்தைப் பார்த்து இல்லை. நீங்கள் கேட்டதும் சாப்பாட்டு மேசையில் எல்லாரிடமும் கேட்டேன். சோறு ஆறிப் போகிற அளவுக்குச் சண்டை.

இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற ரஷ்யாக்காரன் மேலே கை காட்டினான். அவர்கள் மொழியில் அது ராக்கெட் போகிற இடம், காற்றில்லாத வெளி. நம் மலாய்ப் பாடப் புத்தகத்தில் இருக்கிற கோஸ்மோஸ்தான் தனக்கும் என்றார் இந்தோனேசியாக்காரர் ஒருவர். எல்லா நட்சத்திரமும் சேர்ந்த மொத்தம். ஜார்ஜியாக்காரன் கடைசியில் ஓர் 'இ' போட்டு கோஸ்மோசி என்கிறான். அந்த 'இ' இல்லாவிட்டால் அவன் ஊரில் எந்தப் பெயரும் நிற்காதாம். இத்தனைக்கும் சொந்தக்காரன் கிரேக்கன்தானே, அவன் என்ன சொல்கிறான் என்று போசனைப் பார்த்தோம். மேல்தள ஆட்களுக்குத் தலைவன் அவன். "எங்களுக்கு அது உலகமும்தான், சனங்களும்தான்" என்றான். நேற்று அவனோடு கடைத்தெருவுக்குப் போனேன். நெரிசலைப் பார்த்துவிட்டு, "ரொம்பக் கோஸ்மோஸ், திரும்பிடலாம்" என்றான்.

அப்படிப் பார்த்தால் நான் அன்று உங்களைக் கேட்டது கோஸ்மோஸ் முன்னால்தான்.

ரொம்பப் பழைய காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒழுங்காக அடுக்கி வைப்பது என்று பொருளாம். படையை வரிசையாக நிறுத்துவதற்கும், பெண்கள் நகை போட்டுக்கொள்வதற்கும் அதையே சொல்லியிருக்கிறார்கள். பிறகு யாரோ வானத்தைப் பார்த்து, இதுவும் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று அதற்கும் வைத்துவிட்டார்கள். இங்கே நகைக்கடைப் பலகையில்கூட அந்தச் சொல்லில்தான் பெயர் தொடங்குகிறது. கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் மொழியில் என்ன என்று என்னைக் கேட்டார்கள். பிரபஞ்சம் என்றேன், ஒருவன் வாயிலும் நுழையவில்லை. அண்டம் என்றேன். அண்டம் என்றால் முட்டையும்தான் என்று சொன்னது என் புத்திகெட்ட நேரம். அதிலிருந்து காலையில், "குக், எனக்கு இரண்டு அண்டம்" என்கிறான் ரஷ்யாக்காரன்.

முளைத்ததா?

அர்ஜுனன்


திரிங்காப்
6 ஏப்ரல் 2025

அர்ஜுனன் அவர்களுக்கு,

முளைத்துவிட்டது. வெந்தயக் கீரையைவிட மெல்லிய இலை. தலைமயிர் மாதிரி பிரிந்து பிரிந்து போகிறது.

உங்கள் கோஸ்மோஸ் நமக்குப் புதிது இல்லை. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில், பசார் மாலாமில், ஒரு மலாய் அக்காவிடம் செடியின் படத்தைக் காட்டினேன். "இது ஊலாம் ராஜாவுக்குச் சொந்தக்காரி லா" என்றார். சம்பாலோடு பச்சையாகத் தின்கிறோமே, அந்தக் கீரை. பிரபஞ்சத்தை இறால் பெலாச்சான் தொட்டுக்கொண்டு இத்தனை வருஷமாகத் தின்றிருக்கிறேன். தெரியாமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதரிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். வேதத்தில் உலகம் என்று வருகிற இடத்திலும், பெண்கள் நகை அலங்காரத்தில் மனசை வைக்க வேண்டாம் என்று வருகிற இடத்திலும் கிரேக்கத்தில் ஒரே சொல்தானாம். ஏன் கேட்கிறாய் என்றார். பூ வளர்க்கிறேன் ஃபாதர் என்றேன். அது பொய் இல்லை. நகைக்கடைக் கண்ணாடி முன்னால் நிற்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. உங்களுக்கு ஆகாயம், கடல், கிரேக்கக் கடைத்தெரு எல்லாம் கோஸ்மோஸ். எனக்குக் கோலா தெர்லாவிலிருந்து தானா ராத்தா வரைக்கும் போகிற ஒரு சாலை. அந்தச் சாலை வழியாகத்தான் டெரன்ஸ் லோரியில் கிளம்பினார். அன்று மழை. சிம்பாங் பூலாய் இறக்கத்தில் லோரி கவிழ்ந்துவிட்டது என்று மறுநாள் காலையில்தான் வந்து சொன்னார்கள். அதுவரைக்கும் நான் வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு லோரி விளக்கும் அவர்தான் என்று நினைத்தேன்.

இனி எந்த ஆம்பளைக்காகவும் அப்படிக் காத்துக்கொண்டு நிற்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன். லோரிக்காரனே வேண்டாம் என்றவளை ஒரு கப்பல்காரர் கேட்கிறார். உங்களை எனக்குப் பிடிக்காமல் இல்லை. பயமாக இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

எலைன்


கருங்கடல்
3 ஜூன் 2025

எலைன் அவர்களுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

டெரன்ஸ் போன அந்த வாரம் உங்கள் பூவை ஏற்ற யாரும் வரவில்லை. கொட்டகை வாசலில் கட்டுக் கட்டாக வாடிக்கொண்டிருந்தது. நான் கோஸ் ஏற்ற வந்தவன், பாதிக் கோஸை இறக்கிவிட்டு அதை ஏற்றினேன். நீங்கள் வாசலிலிருந்து, "மெதுவா போங்கண்ணே" என்றீர்கள். அது மட்டும்தான் சொன்னீர்கள். நாலு வருஷமும் அந்த இறக்கத்தில் நான் மெதுவாகத்தான் போனேன், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டினாலும். அதனால் உங்கள் பயம் எனக்குத் தெரியாத பயம் இல்லை.

செப்டம்பர் 20 கிள்ளானில் இறங்குகிறேன். தேதி முடிவாகிவிட்டது. நீங்கள் ஒரு சொல் சொன்னால் அதோடு கப்பலுக்கு முழுக்குப் போட்டுவிடுகிறேன். அம்மாவின் கடை பூட்டித்தான் கிடக்கிறது. அடுப்புப் பற்றவைத்தால் போதும். நாங்கள் முருகன் கோயில், நீங்கள் சர்ச் என்று யாராவது பேசுவார்கள். பசித்தால் எல்லாரும் கடைக்குத்தானே வரவேண்டும்.

விதைத்து நாலு மாதம் ஆகப் போகிறது. இரண்டு மூன்று மாதத்தில் பூக்கும் என்று போசன் சொல்கிறான். ஒரு மொட்டுகூடவா வரவில்லை? தினமும் சாப்பாட்டு மேசையில் கேட்கிறார்கள், "உன் கோஸ்மோஸ் என்ன ஆச்சு?" என்று. ஆளாளுக்கு அவரவர் உச்சரிப்பில் கேட்கிறார்கள்.

அர்ஜுனன்


திரிங்காப்
29 ஜூன் 2025

அர்ஜுனன் அவர்களுக்கு,

செடி என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறேன். இலை பச்சைப்பசேல் என்று இருக்கிறது. மொட்டு இல்லை.

எனக்காகக் கப்பலை விட்டு இறங்க வேண்டாம். நாளைக்குக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பழி என் மேல் வரும்.

அத்தை நேற்றுக் கொட்டகைக்குள் வந்தார். "மத்த பாத்திக்கெல்லாம் லைட்ட நிறுத்தியாச்சு, கடைசிப் பாத்திக்கு மட்டும் எதுக்குடி எரியுது? கரண்டு பில்லு யாரு அப்பன் கட்டுறது?" என்று கேட்டார். புது நாற்று அத்தை என்றேன். என் அத்தை அற்புதம்மாளிடம் அந்தக் கதையெல்லாம் நடக்காது. செடியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாத்தா இது?" என்று சொல்லிப் போய்விட்டார்.

டெரன்ஸ் போன பிறகு அவருக்கு நான் மட்டும்தான். இதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

இப்போதைக்கு இவ்வளவுதான். தீபாவளிக்குச் செவ்வந்தி நடுகிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

எலைன்


சூயஸ் தாண்டி
14 ஆகஸ்ட் 2025

எலைன் அவர்களுக்கு,

இந்தக் கடிதம் கோபத்தில் எழுதுவது. ஆறிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன், ஆறவில்லை.

நேற்று போசன் அவன் ஊர்த் தோட்டத்தின் படத்தைக் காட்டினான். அவன் மனைவி அனுப்பியது. கோஸ்மோஸ் பூக்கத் தொடங்கியிருக்கிறது. கோடையெல்லாம் சும்மா வளரும், இரவு நீள ஆரம்பித்தால்தான் மொட்டு விடும் என்றான். வெளிச்சம் கூடிப்போனால் இலைதான் போடுமாம், பூக்காதாம். இருட்டு வேண்டும் அதற்கு.

அப்படியே கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். திரிங்காப் மலை முழுக்க இரவில் எரியும் பல்பு கண் முன்னால் வந்தது. அது செடிக்குக் குளிர் காய என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். லோரிக்காரனுக்கு என்ன தெரியும், ஏற்றினோம் இறக்கினோம். செவ்வந்தியும் அதே சாதிதான் என்று போசன் சொன்னான். இரவில் விளக்குப் போட்டு அதைப் பூக்க விடாமல் நிறுத்திவைப்பார்களாம்.

எனக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரியும். அதுதானே உங்கள் தொழில். மற்றப் பாத்திக்கெல்லாம் விளக்கை நிறுத்திவிட்டு அந்த ஒரு பாத்திக்கு மட்டும் எரியவிட்டிருக்கிறீர்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அத்தை கேட்டதாக. படித்துவிட்டுச் சிரித்தேன், முட்டாள்.

இல்லை என்று ஒரு சொல் போதுமே எலைன். கேட்டுக்கொண்டு போயிருப்பேன். பூக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பூக்காத இடத்தில் நட்டு, என்னைத் தினமும் மொட்டு வந்ததா என்று கேட்கவைத்தீர்கள். இத்தனை பேர் முன்னால் கேட்டதற்கு இதுதான் தண்டனையா? அப்படியென்றால் கணக்கு தீர்ந்துவிட்டது. செப்டம்பரில் இறங்கி நேராகக் கோலா தெர்லா போகிறேன். உங்கள் கொட்டகைப் பக்கம் திரும்ப மாட்டேன்.

அர்ஜுனன்


திரிங்காப்
19 ஆகஸ்ட் 2025

அர்ஜுனன்,

ஆமாம். தெரிந்துதான் செய்தேன்.

பல்புக்குக் கீழே போடுங்கள், கதகதப்பாக இருக்கும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அதைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், நாலு வருஷம் என் பூவை ஏற்றிய மனிதருக்கு விளக்கு எதற்கென்று தெரியவில்லையே என்று. சிரித்து முடித்ததும், இதுவும் நல்லதுக்குத்தான் என்று தோன்றியது. அவர் சொன்னபடியே நடுவோம், பூக்காது, பதிலும் சொல்ல வேண்டாம். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. சரி என்று சொல்லப் பயம். விளக்கு எரிகிற வரைக்கும் இரண்டும் சொல்லாமல் இருக்கலாம். உங்களை வதைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் வதைத்திருக்கிறேன். மேசையில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்று, போசனுக்கு விளக்குப் போடுவது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. நாங்கள் எதற்குப் போடுகிறோம் என்று தெரியவில்லை. பூ வேண்டாம் என்று யாராவது கரண்டு செலவு பண்ணுவார்களா? விளக்கில்லாவிட்டால் செவ்வந்தி குட்டையாக நின்று, கண்ட நாளில் பூத்துத் தொலைக்கும். தீபாவளிக்கு வேண்டும், கல்லறைத் திருநாளுக்கு வேண்டும் என்றால், அந்த நாளிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்து, விளக்கை நிறுத்துவோம். பிடித்து வைப்பது அந்த நாளுக்காகத்தான்.

செப்டம்பர் 20 என்று எழுதியிருந்தீர்கள். அந்த நாளிலிருந்து பின்னால் எண்ணினேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் கடைசிப் பாத்தியின் சுவிட்சை நானே அணைத்தேன். உங்கள் கோபம் வந்து சேர்ந்தது அதற்கப்புறம். இன்றைக்குக் காலையில் பார்த்தேன், நுனியெல்லாம் மிளகு மிளகாக மொட்டு. சந்தேகமாக இருந்தால் இதோடு படமும் இருக்கிறது, போசனிடம் காட்டுங்கள். ரஷ்யாக்காரனிடமும் காட்டுங்கள்.

அத்தையிடம் நானே சொல்லிவிட்டேன். "லைட்டு அணைஞ்சப்பவே எனக்குத் தெரியும்" என்றார். அப்புறம், "அவன் நம்ம வீட்டுக்கு வருவானா, நீ அங்க போயிருவியா?" என்று கேட்டார். இங்கேதான் அத்தை, உங்களை விட்டு எங்கே போவேன் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மீன் கொழம்பு வைப்பானா?" என்றார். கப்பலில் சமைக்கிறவர் அத்தை என்றேன். "கப்பல்ல வச்சா போதுமா, வாய்ல வைக்க முடியணும்ல" என்றார். அது சம்மதம். நீங்கள் அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கப்பலை விடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். எனக்காக விட வேண்டாம் என்று எழுதியது பயத்தில் எழுதியது. விட்டால் சந்தோஷப்படுவேன். விடாவிட்டால் பயந்துகொண்டே இருப்பேன், ஆனால் இருப்பேன்.

இங்கே வந்து மறுபடியும் கேளுங்கள். இந்தத் தடவை உங்கள் கிரேக்கனின் கோஸ்மோஸ் சுற்றி நிற்காத நேரத்தில் வாருங்கள். கங்காவுக்கு அன்று லீவு கொடுத்துவிடுகிறேன். இந்தப் பூ பறித்தால் நிற்காது, தலையில் வைத்தால் சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிடும். செடியில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

கிள்ளானிலிருந்து லோரியில் ஏறி வராதீர்கள், பஸ்ஸில் வாருங்கள். மழை பெய்தால் ஈப்போவில் தங்கிவிட்டு, விடிந்த பிறகு மலை ஏறுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை. நான் வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறேன்.

எலைன்